ஹோஸ்டிங் கணக்கில் ஓபிகேஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎச்பியில் ஓடும் தளங்களுக்கானது இந்தப் பக்கம். அமைப்புகள், ஃபங்ஷன்களின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் எழுதும்போது ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். அங்கே ஒவ்வோர் அமைப்பின் பெயருக்கும் முன்னால் ஓபிகேஷ் என்ற சொல்லும் ஒரு புள்ளியும் சேரும்.

ஓபிகேஷ் என்ன வேலை செய்கிறது?

பிஎச்பி கோப்பு அப்படியே ஓடுவதில்லை. முதலில் கோப்பு படிக்கப்படும், துண்டு துண்டாகப் பிரிக்கப்படும், இலக்கணம் சரிபார்க்கப்படும், பிறகு ஆப்கோடு என்கிற உள்கட்டளைகளாக மாற்றப்படும். ஓடுவது அந்த ஆப்கோடுதான். கேஷ் இல்லாவிட்டால் இத்தனையும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் திரும்பத் திரும்ப நடக்கும். ஒரு வேர்ட்பிரஸ் பக்கம் திறக்க நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ளே வருகின்றன என்பதை நினைத்தால் வீணாகும் உழைப்பு புரியும். ஓபிகேஷ் ஒருமுறை மாற்றிய ஆப்கோடைப் பகிர்வு நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த கோரிக்கைக்கு அங்கிருந்தே எடுத்துத் தருகிறது.

2013-இல் வந்த பிஎச்பி 5.5 முதல் இது பிஎச்பியுடனேயே வருகிறது. 8.5 பதிப்பில் இது தனி எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிஎச்பியின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது.

பேஜ் கேஷ், ரெடிஸ், சிடிஎன் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

அவை ஒவ்வொன்றும் வேறு பொருளைச் சேமிப்பவை. பேஜ் கேஷ் தயாரான எச்டிஎம்எல் பக்கத்தை வைத்துக்கொள்ளும். ரெடிஸும் மெம்கேஷ்டும் டேட்டாபேஸிலிருந்து எடுத்த தகவலை வைத்துக்கொள்ளும், ஏபிசியுவும் அப்படித்தான். சிடிஎன் தளத்தின் பிரதிகளைப் பல இடங்களில் உள்ள சர்வர்களில் வைத்துக்கொள்ளும். ஓபிகேஷ் நிரலை மட்டுமே வைத்துக்கொள்ளும். உங்கள் கட்டுரையோ விலைப்பட்டியலோ வாடிக்கையாளர் கூடையோ அதில் இருக்காது. ஆகவே கட்டுரையைத் திருத்தியும் பழையதே தெரிகிறது என்றால் ஓபிகேஷைக் காலி செய்து பயனில்லை, பேஜ் கேஷைப் பாருங்கள். லாகின் செய்தவர்களுக்கும் கூடை, கட்டணப் பக்கங்களுக்கும் பேஜ் கேஷ் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். அங்கே வேகத்தைக் காப்பது ஓபிகேஷ்தான்.

என் கணக்கில் இது இயங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிஎச்பிஇன்ஃபோ ஃபங்ஷனை அழைக்கும் ஒரு வரிக் கோப்பைத் தளத்தில் வைத்துத் திறந்து, வரும் பக்கத்தில் "ஸெண்ட் ஓபிகேஷ்" என்ற தலைப்பைத் தேடுங்கள். அதன் கீழே "ஆப்கோட் கேஷிங்" என்ற வரியில் "அப் அண்ட் ரன்னிங்" என்று இருந்தால் இயங்குகிறது. தலைப்பே இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் ஏற்றப்படவில்லை.

இதை உலாவியில்தான் பார்க்க வேண்டும். ஷெல்லில் பிஎச்பி கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு "ஓடவில்லையே" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கட்டளை வரிக்கான அமைப்பு எனேபிள்_சிஎல்ஐ. அதன் இயல்பு நிலை 0, அதாவது அணைந்திருக்கும். கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகள்) ஒருமுறை ஓடி முடிந்துபோகிறவை என்பதால் அப்படியே விட்டுவிடலாம்.

எங்கே ஆன் செய்வது?

கிளவுட்லினக்ஸ் உள்ள சிபேனலில் "செலக்ட் பிஎச்பி வெர்ஷன்" பக்கத்தின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஓபிகேஷைத் தேர்ந்தெடுக்கலாம். பிளெஸ்கில் டொமைனின் பிஎச்பி அமைப்புகளிலேயே அதற்கான இடம் இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தளத்தின் அடைவில் அமைப்புகளுக்காக வைக்கும் யூசர்.ஐஎன்ஐ கோப்பில் (பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும்) எனேபிள் = 1 என்று எழுதிப் புதிதாக ஆன் செய்ய முடியாது. கோரிக்கை ஓடும் நேரத்தில் ஓபிகேஷை அணைக்கலாமே தவிர ஏற்ற முடியாது. முயன்றால் பிழைப்பதிவில் எச்சரிக்கை வரும்.

யூசர்.ஐஎன்ஐயில் நினைவக அளவைக் கூட்டினேன். ஏன் மாறவில்லை?

பகிர்வு நினைவகம் ஒதுக்கப்படுவது பிஎச்பியின் தாய் ப்ராசஸ் எழும்போது, ஒரே ஒருமுறை. அதன் பிறகு எந்தக் கணக்கின் யூசர்.ஐஎன்ஐயும் அதைப் பெரிதாக்க முடியாது. மெமரி_கன்சம்ப்ஷன், இன்டர்ன்ட்_ஸ்ட்ரிங்ஸ்_பஃபர், மேக்ஸ்_ஆக்சிலரேட்டட்_ஃபைல்ஸ் மூன்றும் இந்த வகை. எஃப்பிஎம் (பிஎச்பி ப்ராசஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் நிரல்) பூலின், அதாவது ஒரு ப்ராசஸ் குழுவின், அமைப்புக் கோப்பில் எழுதினாலும் பலன் இல்லை, ஏனென்றால் ஒரே தாயின் கீழுள்ள எல்லாப் பூல்களுக்கும் நினைவகம் பொது.

வேலிடேட்_டைம்ஸ்டாம்ப்ஸ், ரீவேலிடேட்_ஃப்ரெக் இரண்டையும் யூசர்.ஐஎன்ஐயில் மாற்றலாம். மாற்றிய உடனே பலன் தெரியாது. பிஎச்பி அந்தக் கோப்பை மறுபடி படிக்க இயல்பாக 300 வினாடி எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டுப் பிஎச்பிஇன்ஃபோவில் பாருங்கள். அங்கே "லோக்கல் வேல்யூ" பத்தியில் இருப்பதுதான் உங்கள் கணக்குக்கு நடப்பில் உள்ளது.

லைட்ஸ்பீட் சர்வரில் கணக்குக்கென்று தனிப் பிஎச்பி ப்ராசஸும் தனி ஐஎன்ஐயும் இருந்தால் நினைவக அளவையும் நீங்களே வைக்க முடியும்.

கோப்பை மாற்றினேன், பழைய நிரலே ஓடுகிறது. என்ன செய்வது?

எல்லோரும் முதலில் ரீசெட் பொத்தானைத் தேடுகிறார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் அது தேவைப்படாது.

சோதனை எளிது. தளத்தின் அடைவில் "1" என்று மட்டும் அச்சிடும் சிறு பிஎச்பி கோப்பை வையுங்கள். ஐந்து வினாடி கழித்து இரண்டு முறை திறந்து பாருங்கள். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு: ஃபைல்_அப்டேட்_புரொடெக்ஷன் என்ற அமைப்பின்படி, மாற்றி 2 வினாடிகூட ஆகாத கோப்பை ஓபிகேஷ் சேமிக்காது. இப்போது கோப்பில் "1"-ஐ "2" ஆக்குங்கள். முகவரியின் பின்னால் கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்துத் திறந்தால் சிடிஎன் குறுக்கே வராது.

சில வினாடிகளில் "2" வந்துவிட்டால் ஓபிகேஷ் ஒழுங்காகவே இருக்கிறது. தவறு பேஜ் கேஷிலோ சிடிஎன்னிலோ உலாவியிலோ இருக்கும், அல்லது நீங்கள் வேறு அடைவில் உள்ள கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கடைசியாகச் சொன்னது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, குறிப்பாகத் துணை டொமைன்களும் சோதனைப் பிரதிகளும் ஒரே கணக்கில் இருக்கும்போது.

ஒரு நிமிடம்போலத் தாமதித்து "2" வந்தால் ரீவேலிடேட்_ஃப்ரெக் கூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. இயல்பான அளவு 2 வினாடி, பல ஹோஸ்டிங் சர்வர்களில் 60 என்று வைத்திருப்பார்கள். கோப்பின் திருத்த நேரத்தை எத்தனை வினாடிக்கு ஒருமுறை வட்டில் சரிபார்ப்பது என்பதுதான் இந்த எண். 0 என்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பார்க்கும்.

எவ்வளவு நேரமானாலும் "1" என்றே வந்தால் வேலிடேட்_டைம்ஸ்டாம்ப்ஸ் அணைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் ஓபிகேஷ் வட்டைத் திரும்பிப் பார்க்கவே பார்க்காது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நீங்கள்தான் காலி செய்ய வேண்டும்.

"1"-ம் "2"-ம் மாறி மாறி வந்தால் லோட் பேலன்சருக்கு (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஓபிகேஷ், ஒன்றைக் காலி செய்தால் மற்றதற்குத் தெரியாது.

சோதனைக் கோப்பு சரியாக மாறுகிறது. தளத்தின் ஒரு கோப்பு மட்டும் பழையதாகவே நிற்கிறது. எப்படி?

ஓபிகேஷ் கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிடுவதில்லை, திருத்த நேரத்தை மட்டுமே ஒப்பிடுகிறது. உள்ளே நிரல் மாறியிருந்தும் நேரம் அப்படியே இருந்தால் அதற்கு இரண்டும் ஒரே கோப்பு. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நிலையான நேரத்தைப் பதிக்கும் பில்டு கருவிகளும், நேரத்தைத் திருத்திவைக்கும் சில அன்ஜிப் முறைகளும் இப்படிச் சிக்க வைக்கும். ஷெல்லில் டச் கட்டளையைக் கோப்பின் மேல் ஓட்டினால் நேரம் மாறிவிடும், கேஷும் புதுப்பித்துக்கொள்ளும். ஷெல் இல்லையென்றால் ஃபைல் மேனேஜரில் திறந்து, ஓர் இடைவெளி சேர்த்துச் சேமித்தால் போதும்.

ஒவ்வொரு வெளியீட்டையும் தனி அடைவில் வைத்து, "கரண்ட்" என்ற சிம்லிங்கை (வேறோர் அடைவைச் சுட்டும் குறுக்குவழி) மாற்றுகிறோம். மாற்றிய பிறகும் பழைய வெளியீடு சில நிமிடம் ஓடுகிறதே?

இதில் இரண்டு கேஷ்கள் கலந்து குழப்புகின்றன. ஓபிகேஷுடன் பிஎச்பியின் ரியல்பாத் கேஷும் சேர்ந்துகொள்கிறது. சிம்லிங்க் எங்கே காட்டுகிறது என்பதைப் பிஎச்பி இயல்பாக 120 வினாடி நினைவில் வைத்திருக்கும். அதுவும் ஒவ்வொரு ப்ராசஸும் தனித்தனியாக. அதனால்தான் ஒரு கோரிக்கைக்குப் புதியதும் அடுத்ததற்குப் பழையதுமாக வருகிறது.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தீர்வு ஒரு வரி. ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் அளவுருவில் டாக்குமென்ட்_ரூட் மாறிக்குப் பதிலாக ரியல்பாத்_ரூட் மாறியைக் கொடுங்கள். என்ஜின்எக்ஸே சிம்லிங்கைத் தீர்த்து உண்மையான அடைவின் பாதையைப் பிஎச்பிக்கு அனுப்பிவிடும். புதிய வெளியீட்டின் கோப்புகள் ஓபிகேஷுக்கு முற்றிலும் புதிய பாதைகளாகத் தெரியும். பழைய கோரிக்கைகள் பழைய அடைவிலேயே ஓடி முடியும், புதியவை புதிய அடைவில் தொடங்கும்.

விலை ஒன்று உண்டு. பழைய வெளியீட்டின் ஆப்கோடு நினைவகத்திலேயே கிடக்கும். பத்து வெளியீடு போட்டால் பத்துப் பிரதிகள். ஆகையால் வெளியீட்டுக்குப் பிறகு எஃப்பிஎம்மை ரீலோடு செய்வதை ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

கேஷைக் காலி செய்ய என்னென்ன வழிகள்?

சொந்த சர்வர் என்றால் எஃப்பிஎம் ரீலோடு. மற்றதெல்லாம் அது முடியாதவர்களுக்கு.

பகிர்வு ஹோஸ்டிங்கில் ஓபிகேஷ்_ரீசெட் ஃபங்ஷனை அழைக்கும் ஒரு வரிக் கோப்பை, யாரும் ஊகிக்க முடியாத நீண்ட பெயரில் தளத்தில் வையுங்கள். அதை டொமைன் வழியாகத் திறங்கள், உடனே நீக்குங்கள். ஷெல்லில் பிஎச்பி கட்டளையால் அதே ஃபங்ஷனை ஓட்டினால் ஒன்றும் நடக்காது. கட்டளை வரி ப்ராசஸுக்கும் தளத்தை ஓட்டும் ப்ராசஸுக்கும் நினைவகம் வேறு வேறு. எனேபிள்_சிஎல்ஐ ஆனில் இருந்தால் "ட்ரூ" என்று பதில் வருவதால் வேலை நடந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். எஃப்பிஎம் சாக்கெட்டுடன் நேரடியாகப் பேசும் கேஷ்டூல் என்ற கட்டற்ற மென்பொருள் இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

மாறியவை ஓரிரு கோப்புகள்தான் என்றால் முழு ரீசெட் வேண்டாம், ஓபிகேஷ்_இன்வேலிடேட் போதும். முதல் அளவுரு கோப்பின் முழுப் பாதை. இரண்டாவது "ட்ரூ" என்றால் திருத்த நேரம் பார்க்காமல் நீக்கும், இல்லையென்றால் கோப்பு புதியதாக இருந்தால் மட்டுமே நீக்கும். கூட்டம் உள்ள தளத்தில் முழு ரீசெட் செய்தால் அந்த நொடியில் வரும் எல்லாக் கோரிக்கைகளும் எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் மறுபடி மாற்றத் தொடங்கும், சிபியு உச்சிக்குப் போகும்.

வேர்ட்பிரஸ் 5.5 முதல் பிளகின், தீம், கோர் புதுப்பிப்புகளின்போது மாறிய கோப்புகளை அதுவே இன்வேலிடேட் செய்துகொள்கிறது. அதற்கென்று தனி பிளகின் தேவையில்லை.

ரீசெட் அழைத்தால் "ஏபிஐ ரெஸ்ட்ரிக்டட்" என்று எச்சரிக்கை வருகிறதே?

ரெஸ்ட்ரிக்ட்_ஏபிஐ அமைப்பில் ஒரு பாதை கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாதையில் தொடங்கும் கோப்புகள் மட்டுமே இந்த ஃபங்ஷன்களை அழைக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் இப்படிப் பூட்டிவைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே எஃப்பிஎம் தாயின் கீழ் பல கணக்குகள் இருந்தால், உங்கள் ரீசெட் எல்லோருடைய கேஷையும் துடைத்துவிடும். நிலை காட்டும் ஃபங்ஷன் மற்றவர்களின் கோப்புப் பாதைகளையும் பட்டியலிடும். ரீவேலிடேட்_ஃப்ரெக் குறைவாக இருந்தால் ரீசெட் இல்லாமலே சமாளிக்கலாம். அதுவும் முடியாதபோது, கட்டுப்பாட்டுப் பலகையில் பிஎச்பி பதிப்பை ஒருமுறை மாற்றித் திரும்ப வைப்பது பல இடங்களில் ப்ராசஸைப் புதிதாக எழுப்பிவிடும்.

நினைவகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

இயல்பான அளவு 128 எம்பி. சில பிளகின்கள் கொண்ட ஒரு வேர்ட்பிரஸ் தளத்துக்கு இது பெரும்பாலும் தாராளம். சிம்ஃபொனியின் ஆவணம் 256 எம்பியும் 20,000 கோப்புகளும் சொல்கிறது. மெஜெண்டோவின் ஆவணம் 512 எம்பி, 60,000 கோப்புகள் வரை போகிறது. ஆனால் ஆவணத்தைப் பார்த்து வைப்பதைவிட அளந்து வைப்பதே மேல்.

ஓபிகேஷ்_கெட்_ஸ்டேட்டஸ் ஃபங்ஷனை "ஃபால்ஸ்" அளவுருவுடன் அழையுங்கள், கோப்புப் பட்டியல் இல்லாமல் சுருக்கம் மட்டும் வரும். தளம் ஓரிரு நாள் ஓடிய பிறகு பாருங்கள், எழுந்த உடனே எடுக்கும் எண்கள் ஏமாற்றும். ஃப்ரீ_மெமரி கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஊம்_ரீஸ்டார்ட்ஸ் எண் 0-வாகவே நிற்க வேண்டும், ஏறினால் நினைவகம் போதவில்லை. ஹேஷ்_ரீஸ்டார்ட்ஸ் ஏறினால் கோப்பு எண்ணிக்கை வரம்பு போதவில்லை. ஹிட் விகிதம் 99-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி.

கேஷ் நிறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். நெடுநாள் பயன்படாத கோப்பை வெளியே தள்ளிப் புதியதற்கு இடம் கொடுக்கும் பழக்கம் ஓபிகேஷுக்குக் கிடையாது. நிறைந்துவிட்டால் புதிய கோப்புகள் சேமிக்கப்படாமலே ஓடும், ஒவ்வொரு முறையும் மறுபடி மாற்றப்படும். தளம் விழாது, பிழையும் காட்டாது, மெதுவாக மட்டும் ஆகும். அதனால்தான் இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

திருத்தப்பட்ட கோப்பின் பழைய ஆப்கோடும் உடனே விடுவிக்கப்படுவதில்லை. அது "வேஸ்ட்" கணக்கில் ஏறும். நினைவகம் நிறைந்து, வேஸ்ட் பகுதி மேக்ஸ்_வேஸ்டட்_பெர்சன்டேஜ் அளவையும் எட்டினால்தான் கேஷ் தானாக முழுவதும் காலியாகிப் புதிதாகத் தொடங்கும். இயல்பான அளவு 5 விழுக்காடு. வேஸ்ட் மட்டும் 5-ஐத் தாண்டியதற்காக எதுவும் நடக்காது, நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அது தீங்கற்றது.

கோப்பு எண்ணிக்கை வரம்பை 10,000 என்று வைத்தேன், நிலைப் பக்கம் 16,229 என்கிறது. பிழையா?

பிழையில்லை. உள்ளே இருக்கும் ஹேஷ் அட்டவணையின் அளவு குறிப்பிட்ட சில பகா எண்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: 3907, 7963, 16229, 32531, 65407 என்று போகும். நீங்கள் கொடுத்ததற்குச் சமமான அல்லது அடுத்து வரும் பெரிய எண்ணை அது எடுத்துக்கொள்ளும். 20,000 கொடுத்தால் 32,531 ஆகும்.

எத்தனை வேண்டும் என்பதற்கு அடைவில் உள்ள பிஎச்பி கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் எண்ணிப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஒரே கோப்பு வேறு வேறு பாதைகளால் அழைக்கப்பட்டால் அட்டவணையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் செலவாகும்.

இன்டர்ன்ட் ஸ்ட்ரிங்ஸ் பஃபர் என்பது என்ன?

நிரலில் திரும்பத் திரும்ப வரும் கிளாஸ் பெயர்கள், மாறிப் பெயர்கள் போன்ற எழுத்துத் தொடர்களை ஒரே ஒருமுறை சேமிக்கும் இடம். இயல்பாக 8 எம்பி. நிறைந்தால் ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென்று பிரதி வைத்துக்கொள்ளும், மொத்த நினைவகச் செலவு ஏறும். பெரிய கட்டமைப்புகளுக்கு 16 அல்லது 32 வையுங்கள். இது நிறையப் போகும்போது நெக்ஸ்ட்கிளவுட் தன் நிர்வாகப் பக்கத்திலேயே எச்சரிக்கும். இந்த இடம் மெமரி_கன்சம்ப்ஷனுக்கு உள்ளேயிருந்துதான் எடுக்கப்படுகிறது. இதை 32 ஆக்கினால் ஆப்கோடுக்கான இடம் அந்த அளவு சுருங்கும், இரண்டையும் சேர்த்தே கூட்டுங்கள்.

வேலிடேட்_டைம்ஸ்டாம்ப்ஸை அணைத்தால் தளம் வேகமாகுமா?

உள்ளூர் எஸ்எஸ்டி வட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது. என்எஃப்எஸ் போன்ற வலைய வட்டில் கோப்புகள் இருந்தால் தெரியும், அங்கே ஒவ்வொரு நேரச் சரிபார்ப்பும் வலையத்தில் போய்த் திரும்ப வேண்டும். தானியங்கி வெளியீடும் ரீலோடு உரிமையும் உள்ளவர்கள் அணைக்கலாம். எஃப்டிபியில் கோப்பு ஏற்றுகிறவர்கள் தொடக்கூடாது. அவர்களுக்கு ஆதாயம் வேண்டுமென்றால் ரீவேலிடேட்_ஃப்ரெக்கை 30 அல்லது 60 ஆக்கினால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

எஃப்டிபியில் ஏற்றும்போது சில நொடிகள் ஃபேட்டல் எரர் வருகிறது. ஓபிகேஷ் காரணமா?

பாதிக் காரணம். கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறும்போது பாதி புதியதும் பாதி பழையதுமாக ஒரு கலவை ஓடும். புதிய கோப்பு அழைக்கும் மெத்தடு பழைய கிளாஸில் இருக்காது. கோப்புக்குக் கோப்பு நேரச் சரிபார்ப்பு வெவ்வேறு நொடியில் நடப்பதால், ரீவேலிடேட்_ஃப்ரெக் 60 என்றால் இந்தக் கலவை நிலை ஏற்றி முடிந்த பிறகும் ஒரு நிமிடம்வரை நீளும். பக்கத்து அடைவில் முழுவதையும் ஏற்றிவிட்டுப் பெயரை மாற்றுவது நல்ல வழி. முடியாவிட்டால் பராமரிப்புப் பக்கத்தைப் போட்டு, ஏற்றி, ரீசெட் செய்து, பிறகு திறங்கள்.

பார்வையாளர் குறைந்த தளத்தில் முதல் கோரிக்கை எப்போதும் மெதுவாக இருக்கிறது. கேஷ் தங்குவதில்லையா?

பிஎச்பி எந்த முறையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. பழைய சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ப்ராசஸ் புதிதாகப் பிறந்து இறக்கும், ஓபிகேஷ் ஆன் என்று காட்டினாலும் பயனில்லை. எஃப்பிஎம்மில், தேவைப்படும்போது மட்டும் ப்ராசஸை எழுப்பும் "ஆன்டிமாண்ட்" பூலின் பிள்ளைப் ப்ராசஸ்கள் மூடப்பட்டாலும் நினைவகம் தாயிடம் இருப்பதால் கேஷ் தங்கும். லைட்ஸ்பீடில் கணக்குக்கான தாய் ப்ராசஸே சும்மா இருந்து மூடப்பட்டால் கேஷும் அதோடு போகும்.

கடைசி நிலைமைக்கு ஃபைல்_கேஷ் உதவும். ஓர் அடைவைக் கொடுத்தால் ஆப்கோடு வட்டிலும் எழுதப்படும், ப்ராசஸ் எழுந்ததும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அடைவு தளத்தின் பொது அடைவுக்கு வெளியே, 0700 அனுமதியுடன் இருக்கட்டும். அங்கே எழுத முடிந்தவர் உங்கள் தளத்தில் தன் நிரலை ஓட்ட முடியும். ஓபிகேஷ்_ரீசெட் நினைவகத்தை மட்டுமே காலி செய்யும், இந்தக் கோப்புகளைத் தொடாது.

ஜிட், ப்ரீலோடு இரண்டையும் ஆன் செய்யலாமா?

8.0-இல் வந்த ஜிட் ஆப்கோடை இயந்திர மொழியாக மாற்றுவது, கணக்கீடு மிகுந்த நிரலுக்கு உதவும். வேர்ட்பிரஸ் போன்ற தளங்கள் பெரும்பாலான நேரத்தை டேட்டாபேஸுக்குக் காத்திருப்பதில் கழிப்பதால் பெரிய மாற்றம் தெரியாது. 7.4-இல் வந்த ப்ரீலோடு, சர்வர் எழும்போதே கோப்புகளை ஏற்றிவைக்கும். அவற்றில் ஒரு வரி மாற்றினாலும் சர்வரை மறுபடி எழுப்ப வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்குக்குச் சரிவராது.

சேவ்_கமென்ட்ஸை அணைத்தால் நினைவகம் மிச்சமாகும் என்கிறார்களே?

கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் குறிப்புரைகளில் அனோட்டேஷன் எழுதிப் படிக்கும் டாக்ட்ரினின் பழைய பதிப்புகள் போன்ற நூலகங்கள் உடைந்துபோகும். அப்படியே 1-இல் விடுங்கள்.

பகிர்வு சர்வரில் பக்கத்துக் கணக்குக்காரர் என் நிரலை எடுத்துவிட முடியுமா?

ஒரே பகிர்வு நினைவகத்தைப் பல பயனர்கள் பயன்படுத்தும் இடத்தில், கேஷில் இருக்கும் கோப்பை வட்டின் அனுமதியைப் பார்க்காமலே இன்க்ளூடு செய்ய வாய்ப்பு உண்டு. இதை அடைக்கத்தான் வேலிடேட்_பெர்மிஷன் இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். குரூட் முறையில் (ஒவ்வொரு கணக்குக்கும் தனி வேர் அடைவு காட்டி) பிரிக்கப்பட்ட சர்வருக்கு வேலிடேட்_ரூட்டும் வேண்டும். பிஎச்பிஇன்ஃபோவில் பாருங்கள். வேலிடேட்_பெர்மிஷன் அணைந்திருந்து, எல்லாக் கணக்குகளும் ஒரே எஃப்பிஎம் தாயின் கீழ் ஓடுகின்றன என்றால், அதை ஆன் செய்யச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பார்த்து முடித்ததும் பிஎச்பிஇன்ஃபோ கோப்பையும் நிலை காட்டும் கோப்பையும் சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள்.